பழைய கதைகளில் நீதியும் அருளும்: கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கதையைப் படித்து முடித்த கையோடு "இதன் நீதி என்ன?" என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும். பொய் சொல்லக் கூடாது, பேராசை கூடாது, பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும். கதையைக் கேட்காத பிள்ளைகூட இந்தப் பதில்களைச் சொல்லிவிடும். அப்பா அம்மாவுக்குப் பிடித்த விடை எது என்று கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அப்படி ஒரு விடை கிடைத்ததும் நாமும் திருப்தியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கதை என்னவோ தொடப்படாமலே கிடக்கிறது.

இதற்குக் காரணம், இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான். ஒழுக்கப் பாடம் என்பது மனிதன் என்ன செய்ய வேண்டும் என்பது. ஆன்மிகப் பாடம் என்பது கடவுள் மனிதனுக்கு என்ன செய்கிறார், அவருடைய அருள் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது. பெரும்பாலான வீடுகளில் முதலாவது மட்டும்தான் பேசப்படுகிறது. "நல்லவனாக இரு" என்பதோடு நிறுத்திக்கொண்டால், நல்லவனாக இருக்க முடியாமல் போகும் நாளில் என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. கதையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து செபம் வரை, கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேடுவதற்காகவே.

முன்னோர் என்ன செய்தார்கள்

விவிலியம் அல்லாத கதைகளைக் கிறிஸ்தவர்கள் படிக்கலாமா என்ற கேள்வி பழையது. 4-ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார், கிரேக்க இலக்கியம் படிக்கும் இளைஞர்களுக்காகவே ஓர் உரை எழுதினார். தேனீ எல்லாப் பூக்களிலும் உட்காருவதில்லை, உட்கார்ந்த பூவையும் முழுதாகத் தூக்கிக்கொண்டு போவதில்லை, தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்பது அவர் காட்டிய வழி. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17-ஆம் தேதியிட்டு, உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு பற்றி ஒரு மடல் எழுதினார். குருமாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கியதாகவும், பிறகு அது எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உரியது என்று கண்டதாகவும் அதில் சொல்கிறார்.

நடைமுறைக்கு இவை இரண்டையும்விட உதவுவது புனித இஞ்ஞாசியாரின் அனுபவம். 1521-இல் பம்பலோனா போரில் கால் முறிந்து லொயோலாவில் படுத்திருந்தபோது அவருக்குக் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய ஒரு நூலும் புனிதர்களின் வரலாறும்தான். வீரசாகசங்களைக் கற்பனை செய்யும்போது இன்பமாக இருந்தது, ஆனால் அது ஓய்ந்த பிறகு மனம் வறண்டுபோனது. புனிதர்களை நினைத்தபோது கிடைத்த நிறைவு பிறகும் நீடித்தது. கதை நடக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்பதைவிட, முடிந்து சில மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்பதே அளவுகோல். இதை நினைவில் வைத்தால் கேள்விகளை எப்போது கேட்பது என்ற சிக்கல் தீர்ந்துவிடும்.

முதல் படி: கதையையும் பதிப்பையும் தேர்ந்தெடுத்தல்

பிள்ளைக்குப் படித்துக் காட்டும் முன் பெற்றோரில் ஒருவராவது கதையை முழுதாகப் படித்திருக்க வேண்டும். "சின்ன வயதில் படித்ததுதானே" என்பது போதாது, ஏனென்றால் நம் நினைவில் இருப்பது பல சமயம் திரைப்படம்தான். பினோக்கியோவின் கார்ட்டூனை மட்டும் பார்த்தவர்கள், கொலோடி 1883-இல் நூலாக வெளியிட்ட மூலத்தைத் திறந்தால் திகைப்பார்கள். அதில் பொம்மை, அறிவுரை சொல்லும் சுவர்க்கோழியைச் சுத்தியலால் எறிந்து கொன்றுவிடுகிறது. பின்னர் பொம்மையையே மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

சுருக்கப் பதிப்புகளில் வேறொரு தொல்லை உண்டு. சுருக்குபவர்கள் சம்பவங்களை வைத்துக்கொண்டு தயக்கங்களை வெட்டிவிடுவார்கள். நமக்கு வேண்டியதோ தயக்கங்கள்தான். ஒரு பாத்திரம் முடிவெடுக்கும் முன் தடுமாறும் பக்கம் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பதிப்பு தேடுங்கள், அல்லது அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் முழு நூலிலிருந்து படியுங்கள்.

வயதைப் பொறுத்தவரை ஒரு கோடு உதவும். ஏழு வயது நிறைந்தவருக்குப் பகுத்தறியும் ஆற்றல் இருப்பதாகத் திருச்சபைச் சட்டம் கருதுகிறது (எண் 97). அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் "அவன் செய்தது பாவமா?" என்று கேட்காதீர்கள். "அப்போது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்பது போதும். நேரத்தையும் அளந்துகொள்ளுங்கள்: சிறியவர்களுக்குப் பத்து நிமிடம், எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் கதையை இரண்டாகப் பிரியுங்கள்.

இரண்டாம் படி: பென்சிலால் மூன்று இடங்கள்

தனியாகப் படிக்கும்போது ஓரத்தில் மூன்றே மூன்று குறிகள் போடுங்கள்.

1. ஆசை: முக்கியப் பாத்திரம் உண்மையில் எதை விரும்புகிறது?
2. திருப்பம்: இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம் என்ற நிலையில் எங்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது?
3. வரம்: தகுதியே இல்லாமல் யாருக்காவது ஒரு நன்மை எங்கே கிடைக்கிறது?

ஒழுக்கப் பாடம் இரண்டாவது குறியில் இருக்கும். ஆன்மிகப் பாடம் பெரும்பாலும் மூன்றாவதில். கதையின் கடைசி வரியில் இரண்டும் இருப்பது அபூர்வம். மூன்றாவது குறி போட இடமே கிடைக்காத கதைகளும் உண்டு. ஈசாப்பின் பெரும்பாலான கதைகள் அப்படித்தான்: அவை விவேகத்தைக் கற்றுக்கொடுக்கின்றன, அருளைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது. அது குறை இல்லை. விவேகம் நான்கு தலையான நற்பண்புகளில் ஒன்று. அந்தக் கதையிடமிருந்து அதற்கு மேல் கறக்கப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: இடைநிறுத்தாமல் படித்தல், மறுநாள் பேசுதல்

படிக்கும்போது விளக்கம் வேண்டாம். பிள்ளை கேட்கும் சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள், அதோடு தொடருங்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வழக்கமான இரவுச் செபத்துக்குப் போய்விடுங்கள். கேள்விகள் மறுநாள், சாப்பிடும்போதோ நடக்கும்போதோ. இஞ்ஞாசியார் கண்டதுபோல, மனதில் தங்கியது எது என்பது அப்போதுதான் தெரியும். "நேற்றுக் கதையில் எந்த இடம் ஞாபகம் இருக்கிறது?" என்று மட்டும் தொடங்குங்கள். நீங்கள் குறித்துவைத்த இடத்தைப் பிள்ளை சொல்லாமல் போகலாம். பிள்ளை சொன்ன இடத்திலிருந்தே பேசுங்கள்.

பிறகு கேள்விகளின் வரிசை. முதலில் நடந்ததைப் பிள்ளையே சொல்லட்டும். அடுத்து, அவன் எதை விரும்பினான். அடுத்து, வேறு என்ன செய்திருக்கலாம். அடுத்து, அவன் செய்ததற்கு யார் விலை கொடுத்தார்கள். கடைசியாக, யாராவது அவனுக்குக் கேட்காமலே ஏதாவது கொடுத்தார்களா. ஒரே மூச்சில் ஐந்தையும் கேட்டால் பரீட்சை ஆகிவிடும். இரண்டு போதும்.

பத்து வயதுக்கு மேல் ஒரு செயலை எடைபோடக் கற்றுக்கொடுக்கலாம். செய்த செயல், செய்தவரின் நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்கிறது மறைக்கல்வி நூல் (எண் 1750). நல்ல நோக்கம் தீய செயலை நல்லதாக்காது (எண் 1753). பதின்ம வயதினர் இந்தக் கடைசி விதியோடு சண்டை போடுவார்கள். போடட்டும், கதைகள் அதற்கு ஏற்ற களம்.

முழுதாக ஓர் எடுத்துக்காட்டு: ஆயரும் வெள்ளி விளக்குத் தண்டுகளும்

விக்தர் ஹ்யூகோவின் 1862-ஆம் ஆண்டு நாவலைத் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று அறிவோம். ரொட்டி திருடியதற்கும் தப்பியோட முயன்றதற்குமாகப் பத்தொன்பது ஆண்டு சிறையில் கிடந்த ழான் வல்ழானுக்கு ஓர் ஆயர் இடம் கொடுக்கிறார். அவனோ இரவில் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர்கள் பிடித்துவந்து நிறுத்தும்போது ஆயர், விளக்குத் தண்டுகளையும் தந்தேனே, அவற்றை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்கிறார். எல்லாருக்கும் தெரிந்த காட்சி. வழக்கமாக எடுக்கப்படும் நீதி: மன்னிக்க வேண்டும்.

கவனமாகக் கேட்கும் பத்து வயதுப் பிள்ளை, "ஆயர் பொய் சொன்னாரே, அது பாவம் இல்லையா?" என்று மடக்கும். இங்கே பெற்றோர் திணறுவார்கள், அல்லது நல்ல காரியத்துக்குப் பொய் சொல்லலாம் என்று தவறான பதிலைச் சொல்லிவிடுவார்கள். விடை நாவலிலேயே இருக்கிறது. காவலர்கள் வருவதற்கு முன்பே, திருட்டைக் கண்டு பதறும் வேலைக்காரப் பெண்மணியிடம் ஆயர் சொல்கிறார்: அந்த வெள்ளியை நெடுநாளாக நான்தான் தவறாக வைத்திருந்தேன், அது ஏழைகளுடையது, வந்தவன் ஏழைதானே. ஆக, மனதளவில் அதை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். பெரும்பாலான சுருக்கங்களில் இந்த வரிகள் காணாமல் போயிருக்கும். இதிலிருந்து ஒழுக்கப் பாடமே வேறாகிறது. தன்னிடம் தேவைக்கு மேல் இருப்பது யாருடையது என்று ஆயர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்தான் மன்னிப்பு தொடங்கியது.

அடுத்து வரம். நேர்மையானவனாக மாறுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய், மறந்துவிடாதே என்கிறார் ஆயர். அப்படி எந்த வாக்கும் கொடுத்த நினைவு வல்ழானுக்கு இல்லை. அருள் முதலில் வந்துவிட்டது, மனமாற்றம் இன்னும் வரவில்லை. நாம் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்னும் உரோமையர் 5:8-ஐ இங்கே வைக்கலாம்.

இதற்கு அடுத்த பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆயர் வீட்டிலிருந்து புறப்பட்ட அதே நாளில் வல்ழான் ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்துப் பறித்துக்கொள்கிறான். சிறுவன் அழுதுகொண்டே போன பிறகுதான் தான் செய்தது அவனுக்கு உறைக்கிறது. தேடி ஓடுகிறான், கிடைக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக அழுகிறான். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு மறுபடி அதே தவறைச் செய்துவிட்டுக் கூசி நிற்கும் பிள்ளைக்கு இந்த இடத்தைவிடப் பொருத்தமான பக்கம் கிடைப்பது கடினம். மன்னிப்பு பெற்றவன் உடனே சரியாகிவிடுவதில்லை, ஆனால் விழுந்ததை உணரும் கண் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது.

ஒரு தகவலையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்: இந்த நாவல் ஒரு காலத்தில் திருச்சபையின் தடைநூல் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலின் சட்ட வலிமை 1966-இல் முடிவுக்கு வந்தது. பெரிய பிள்ளைகளோடு 'ஏன் தடுத்திருப்பார்கள்?' என்று பேசுவதே நல்ல மாலைப்பொழுது.

நான்காம் படி: ஒரே ஒரு விவிலியப் பகுதி

கதைக்கு ஒரு பகுதிதான். ஐந்து வசனங்களை அடுக்கினால் கதை வெறும் மேற்கோள் தாங்கியாகிவிடும். வசனம் கதையை உறுதிப்படுத்தவே வேண்டும் என்பதும் இல்லை, எதிர்த்தும் நிற்கலாம். எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை எடுங்கள். உழைக்காதவன் பட்டினி கிடப்பான் என்கிறது அது. 2 தெசலோனிக்கர் 3:10 அதன் பக்கம் நிற்கிறது. ஆனால் வாசலில் பசியோடு நிற்பவனை எறும்பு விரட்டிவிடுகிறதே, 'பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள்' என்னும் மத்தேயு 25:35 என்ன சொல்லும்? எறும்பு விவேகமுள்ளது, இரக்கமற்றது. இரண்டும் உண்மை. எறும்பின் வீட்டில் அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளையே சொல்லவிட்டால் அவர்கள் உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

டிக்கன்ஸின் 1843-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் கதைக்கு, இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிதண்டுபவர் சக்கேயு (லூக்கா 19:1–10) சரியான ஜோடி. கருமியான ஸ்குரூஜ் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று தன் வாழ்வைப் பார்ப்பது ஆன்மச் சோதனையின் வடிவமே. அவனைத் தொடக்கத்தில் அசைப்பது பெரும்பாலும் பயம்தான். தண்டனைக்கு அஞ்சி வரும் மனத்துயர் நிறைவற்றது, ஆனாலும் அதுவும் கடவுளின் கொடையே என்கிறது மறைக்கல்வி (எண் 1453). மனம் மாறிய பிறகு அவன் செய்வதைப் பாருங்கள்: முந்தின நாள் துரத்திவிட்ட தருமப் பணியாளரிடம் பழைய பாக்கியும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்கிறான், கோவிலுக்குப் போகிறான், மறுநாள் எழுத்தரின் சம்பளத்தை உயர்த்துகிறான். பரிகாரம் என்றால் என்ன என்று விளக்க இதைவிட எளிய வழி இல்லை. திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களுக்கு இதைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

சிறியவர்களுக்குச் சிரிப்போடு தொடங்க வேண்டுமென்றால் வீரமாமுனிவர் இருக்கிறார். இந்த இயேசு சபைத் துறவி எழுதிய பரமார்த்த குரு கதையில் குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடந்ததும் தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஓலமிடுகிறார்கள். வீட்டில் நடந்த சண்டைக்கு யார் யார் காரணம் என்று ஒவ்வொருவரும் தன்னைத் தவிர்த்து எண்ணுவது இதேதான், பிறர் கண்ணின் துரும்பைப் பார்ப்பவன் தன் கண்ணின் மரக்கட்டையைப் பார்க்காதது ஏன் என்று மத்தேயு 7:3–5-உம் இதைத்தான் கேட்கிறது. எச்சரிக்கை: சிரிப்பு மடமையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். பிற சமயத்தவரைக் கேலி செய்யும் கதையாக அது திரும்பினால் அங்கேயே நிறுத்துங்கள். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஐந்தாம் படி: கதை விலகும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லுதல்

ஆண்டர்சனின் கடற்கன்னி (1837) இளவரசனை மட்டும் தேடவில்லை, அழியாத ஆன்மாவையும் தேடுகிறாள். திரைப்படத்தில் இது மறைந்துவிட்டது. இளவரசனைக் கொன்றால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில் கத்தியைக் கடலில் எறிகிறாள். அதுதான் திருப்பம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முடிவில், முந்நூறு ஆண்டு நற்செயல்களால் அவள் ஆன்மாவைச் சம்பாதிக்கலாம் என்று வருகிறது. நம் விசுவாசம் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் (மறைக்கல்வி 366), அது சம்பளம் அல்ல. இன்னும் மோசம், குறும்புக்காரப் பிள்ளையைப் பார்த்தால் அவள் சிந்தும் ஒவ்வொரு கண்ணீருக்கும் காத்திருப்பு ஒரு நாள் கூடும் என்று ஆசிரியர் சேர்த்திருப்பது. பிள்ளையைக் குற்ற உணர்வால் அடக்கும் தந்திரம் அது. "இந்த இடத்தில் கதை சொல்வதும் நாம் நம்புவதும் வேறு" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். புத்தகத்தைத் தடைசெய்யவும் வேண்டாம், வளைத்து நெளித்துக் கத்தோலிக்கமாக்கவும் வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. எல்லா நல்ல பாத்திரத்தையும் கிறிஸ்துவாகவும், எல்லா மரத்தையும் சிலுவையாகவும் பார்க்கத் தொடங்கினால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். அடையாளம் கதைக்குள்ளேயே இருந்தால் மட்டும் காட்டுங்கள். ஆஸ்கார் வைல்டின் 1888-ஆம் ஆண்டு அரக்கன் கதையில் குழந்தையின் கைகளிலும் கால்களிலும் ஆணித் தழும்புகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. அங்கும் நான் குறிக்கச் சொல்வது அந்த இடத்தை அல்ல. குழந்தை யார் என்று தெரியாமலேயே அரக்கன் அவனை மரத்தில் தூக்கிவைக்கிறானே, அந்த இடத்தை.

ஆறாம் படி: செபமும் ஒரு செயலும்

பேசி முடித்ததும் நீண்ட செபம் வேண்டாம். கதையில் வந்த ஒருவரின் நிலையில் இன்று இருக்கும் யாருக்காவது ஒரு மன்றாட்டு, அதோடு ஓர் 'அருள் நிறைந்த மரியே'. செயல் அந்த வாரத்துக்குள் முடியக்கூடியதாக, பெயரும் நாளும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "இரக்கமாக இருப்போம்" என்பது செயல் அல்ல. "சனிக்கிழமை பாட்டிக்குப் போன் செய்வோம்" என்பது செயல். அதைப் பெற்றோரும் செய்ய வேண்டும்.

எந்தப் பிள்ளையையும் எல்லார் முன்னும் தன் குற்றத்தைச் சொல்லவைக்காதீர்கள். ஆன்மச் சோதனை மனதுக்குள் நடப்பது, குற்றத்தைச் சொல்லும் இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அதைவிடப் பெரிய தவறு, கதையை ஆயுதமாக்குவது. "நீயும் அந்தச் சோம்பேறி வெட்டுக்கிளி மாதிரிதான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த கதையைப் பிள்ளை கவசத்தோடுதான் கேட்கும். குறிப்பிட்ட பிள்ளையைத் திருத்துவதற்காகவே ஒரு கதையைத் தேர்ந்தெடுப்பதும் அப்படியே. அவர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நல்லவனுக்குச் செல்வம் கிடைப்பதோடு முடியும் கதைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நல்லது செய்தால் கடவுள் பொருள் தருவார் என்று பிள்ளை பதிவு செய்துகொள்ளும். அத்தகைய கதைக்கு அடுத்து, நல்லவன் தோற்கும் கதை ஒன்றையோ ஒரு மறைசாட்சியின் வரலாற்றையோ வையுங்கள்.

தொடங்குவதற்கு

வாரத்துக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் பரமார்த்த குரு, இரண்டாம் வாரம் எறும்பு, மூன்றாம் வாரம் அரக்கன். ஆயரின் கதையை எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தவக்காலத்தில் இரண்டு இரவுகளாகப் பிரித்து, நாணயம் பறிபோகும் பகுதியை இரண்டாம் இரவுக்கு வையுங்கள். பதின்ம வயதினருக்குப் படித்துக் காட்டாமல் நூலைக் கையில் கொடுத்து, நீங்களும் அதே வாரம் படித்துவிட்டு, எந்தப் பாத்திரத்தை அவர்களால் மன்னிக்க முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். பேச மறுக்கும் பிள்ளையை விட்டுவிடுங்கள். கேட்டிருக்கிறது, அது போதும். நான்காம் வாரம் புதுக் கதை எடுக்காமல் மூன்றில் எது மறுபடி வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டு அதையே படியுங்கள், இந்த முறை கேள்விகளை அவர்கள் கேட்கட்டும்.